வேற்றுக்கிரகத் தளபதி அழுத எடம்

எங்கூட்டுக்காரரு அழுகறதப் பாத்துத்தான் ஊரே சிரிச்சுட்டு இருக்குது. சும்மா சொல்லலைங்க, உங்க போன்லயும் வந்திருக்கும். வெள்ளிக் கலர்ல ஒரு சூட்டு, நெத்தியில ஒரு குட்டி பல்பு, முறுக்கு மீசை, கையில ஒரு பொம்மை. "அப்பன் இருக்கறேன் சாமி, அப்பன் இருக்கறேன்"னு மூக்கு ஒழுக ஒரு ஆளு அழுவாரு பாருங்க, அவருதான். கீழ பூரா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர்ற மஞ்ச மூஞ்சிகளா வந்து கெடக்கும்.

இப்பப் புதுசா ஒரு பையன் கண்ணாடி போட்டுட்டு உக்காந்து, அந்தப் பழைய விண்வெளி சீரியல்ல இருக்கற கேவலமான எடத்தையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒரு வீடியோ போட்டிருக்கறான். எல்லாத்தையும் காட்டிப்போட்டு, இருக்கறதுலயே கேவலம் இதுதானுங்கன்னு கடைசியா எங்கூட்டுக்காரரு அழுகறதப் போட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டறான். எனக்கு வந்த ஆத்தரத்துக்குப் போனைத் தூக்கிச் செவுத்துல அடிச்சிருப்பேன். புதுப் போனாச்சேன்னு கைய அடக்கிட்டேன்.

அவன் சிரிச்சா உனக்கென்ன நட்டம்னு கேப்பீங்க. சொல்லிப்போடறேன். அந்த சீரியலுக்கு முந்தியே எங்களுக்கு ஒரு பையன் பொறந்தான். பொறக்கைலயே உசுரில்ல. எனக்கு மயக்கம் தெளியறக்குள்ள சொந்தக்கார ஒறம்பரை சனமெல்லாம் கூடி முடிவு பண்ணிப்போட்டாங்க, பெத்தவளுக்குக் காட்டக் கூடாது, பாத்தா மனசு உட்டுப்போயிருவா, அடுத்தது தங்காதுன்னு. எங்க பக்கத்துல அப்படித்தாங்க. செத்துப் பொறந்த கொழந்தைய ஆம்பளைங்க துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிருவாங்க. எம்பையனைக் குண்டடத்துல எங்க மாமனாரு தோட்டத்துக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க. "மாப்பிள்ளையும் கூடப் போயிருக்கறாரு, நீ பேசாமப் படு கண்ணு"ன்னாங்க. பாக்காமயேதான் மனசு உட்டுப்போச்சு. அடுத்ததும் தங்கல. அப்பறம் எந்தக் கருமத்துக்குங்க காட்டாம வெச்சீங்க?

ஊட்டுக்கு வந்த பொறவு இவருகிட்டக் கேட்டேன். "ஏனுங்க, யாராட்ட இருந்தான்? உங்களாட்டவா, என்னையாட்டவா? தலையில முடி இருந்துச்சுங்களா?" மனுசன் வாயத் தொறக்கோணுமே! துண்ட எடுத்துத் தோள்ல போட்டுட்டு வெளிய போயிட்டாரு. சாப்பாடு போடறப்பக் கேட்டேன், படுக்கறப்பக் கேட்டேன், பஸ்ல போறப்பக் கேட்டேன். கேட்ட ஒடனே எந்திரிச்சுப் போயிருவாரு. பஸ்ல போக முடியாதுல்ல, சன்னலப் பாத்துட்டு உக்காந்துக்குவாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டதில்ல. சொமந்தவ நானு, பாத்தவரு அவரு, பாத்ததச் சொல்றதுக்கு என்ன கேடுன்னு எனக்கு வயிறு எரியும்.

நாங்க ரெண்டு பேருமே திருப்பூர் மங்கலம் ரோட்டுல ஒரே பனியன் கம்பெனியில வேலை. அவரு கட்டிங் மாஸ்டரு, நான் செக்கிங். ஒரே எடத்துல வேலை, ஒரே ஊடு, பேச்சு மட்டும் கெடையாது. அந்தக் காலத்துலதான் சீரியல்காரங்க வந்து சேந்தாங்க.

நொய்யலோரமா மூடிக் கெடந்த ஒரு சாயப்பட்டறையப் புடிச்சிருந்தாங்க. உள்ள மனுசனை நிக்க வெக்கற அளவுக்கு டையிங் மெசினு, எங்க பாத்தாலும் பைப்பு, வால்வு, பிரஷர் மீட்டரு. ராக்கெட்டுக்கு இதவிட நல்ல செட்டு கெடைக்குமான்னு டைரக்டருக்கு ஒரே குஷி. எங்க மொதலாளிக்கு டிவி, சினிமான்னாலே ஒரு கிறுக்கு. வெள்ளிப் பவுடர் அச்சடிச்ச துணி ஒரு லோடு, அச்சு உதுருதுன்னு வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னு சொன்னது, குடோன்ல கெடந்துச்சு. எடுத்துக்குங்க, நாங்களே தெச்சும் தந்தர்றோம்னுட்டாரு. அங்க புடிச்சதுங்க கெரகம்.

தளபதி வேசத்துக்கு அளவென்னன்னு கேட்டதுக்கு அவங்க 'லார்ஜ்'னு ஒத்த வார்த்தை சொல்லிப்போட்டு போனை வெச்சுட்டாங்க. எங்க சாம்பிள் செக்சன்ல பழக்க தோசத்துல வெள்ளக்காரன் சைஸ் சார்ட்டப் பாத்து லார்ஜ் தெச்சுப்போட்டாங்க. சென்னையிலிருந்து வந்த நடிகரு ஒல்லிப்பிச்சான். உள்ள எறங்குனாரு, ஆளையே காணோம். கழுத்து வழியா ஒரு தோளு வெளிய வருது, கையைத் தேடறதுக்கு ரெண்டு பேரு வேணும். கோவிச்சுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டாரு. டைரக்டரு தலையில கைய வெச்சுட்டு உக்காந்தப்ப, துணி மூட்டையத் தூக்கீட்டு எங்கூட்டுக்காரரு உள்ள வந்தாரு. நல்ல ஒசரம், பாறையாட்டத் தோளு. போட்டுப் பாருங்கன்னாங்க. கச்சிதமா நின்னுச்சு. அவ்ளோதான், கட்டிங் மாஸ்டரு தளபதி ஆயிட்டாரு. நடிக்கத் தெரியுமான்னு ஒருத்தருங் கேக்கல.

கேவலமான எடம் வேணுமின்னா நான் காட்டறேனுங்க அந்தக் கண்ணாடிப் பையனுக்கு. செக்கிங்ல துணியில ஓட்டை, எண்ணெய்க் கறை எங்க இருந்தாலும் நாங்க செவப்பா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம், சரி பண்றவங்களுக்கு அடையாளம் தெரியோணுமின்னு. குடோன்ல கெடந்த துணியா, ஒவ்வொரு சூட்டுலயும் கறைக்குக் கொறைவே இல்ல. அம்ப ஒட்டுனோம், கறைய எடுக்கறதுக்குள்ள வண்டி வந்து நின்னுச்சு, அப்படியே ஏத்தி உட்டுட்டோம். டைரக்டரு பாத்துப்போட்டு, "டிசைன் சூப்பரா இருக்கு, ராணுவச் சின்னம் மாதிரி. யாரும் எடுக்காதீங்க"ன்னுட்டாரு. படையே மாரிலயும் முதுகுலயும் அம்பு ஒட்டீட்டு அணிவகுத்துப் போச்சு. ஒரு சிப்பாய்க்கு உக்கார்ற எடத்துல ஒட்டியிருந்துச்சு. வெளியூர்க்காரனுக்கு அது சின்னம். திருப்பூர்ல பாத்தவனெல்லாம், அடக் கெரகமே, கிரகம் பூரா ரிஜெக்ட் சரக்கான்னு உழுந்து உழுந்து சிரிச்சான்.

கிரகத்துப் பொம்பளைங்களா எங்க செக்கிங் லைனைக் கொண்டு போயி நிறுத்துனாங்க. நானும் ஒரு நா நின்னேன். தாலி, மெட்டியெல்லாம் கழட்டி வெச்சுட்டு வாங்கன்னாரு டைரக்டரு. ஒருத்தி அசையோணுமே! "ஏனுங் சார், உங்க கிரகத்துப் பொம்பளைக்கெல்லாம் புருசனே இல்லீங்களா?"ன்னு கேட்டுப்போட்டா ஒருத்தி. அந்தாளு பாவம், வெயில்ல நின்னு கத்திப் பாத்தாரு, கும்புட்டுப் பாத்தாரு. கடைசிக்கு மூஞ்சி பூரா நீலச் சாயம், தலையில கம்பிக் கொம்பு, கழுத்துல மஞ்சக் கயிறுன்னு நின்னோம். விண்கலம் வெடிக்குது, ஓடுங்கன்னா, எல்லாரும் தாலிய ஒரு கையில அமுக்கிப் புடிச்சுட்டே ஓடறோம். டிவில நல்லாத் தெரியும், பாருங்க.

அப்பறம் மழைச் சண்டை. லாரித் தண்ணிய எறைச்சாங்க. சுருங்காம பதம் பண்ணாத துணிங்க அது, நனைஞ்சு காஞ்சா நிக்குமா? தளபதி பேண்டு ஒரு ஷாட்ல கணுக்காலுக்கு இருக்கும், அவரு திரும்பறதுக்குள்ள மொழங்காலுக்கு ஏறி நிக்கும். லேசர் துப்பாக்கின்னு கையில குடுத்தது எங்க பேக்கிங்ல துணிக்கு வெலை அட்டை குத்தற டேக் கன்னு. எதிரி கிரகத்துப் படைக்கு எங்க கம்பெனியில வேலை செய்யற ஒடிசாப் பையன்களை நிறுத்தி, உங்க பாஷையில என்னமாவது பேசுங்கன்னுட்டாங்க. மொறைச்சுட்டு ஆவேசமாப் பேசுவாங்க, மத்தியானச் சோறு எப்பத் தருவீங்கன்னு கேட்டதாமா அது. வானத்துல ரெண்டு சூரியன். ரெண்டும் போக்கஸ் லைட்டு, ஒண்ணு பாதிச் சண்டையில பீசாப் போச்சு. இதெல்லாம் கேவலம்னு சொல்லு, நானும் உங்கூட உக்காந்து சிரிக்கறேன். நான் ஒட்டுன அம்புதானே.

ஆனா அந்த அழுகை அப்படியில்லைங்க.

அது எடுத்தன்னைக்கு நான் அங்க இல்ல. கம்பெனியில அவசரச் சரக்கு. எதிரி குண்டு போட்டுக் கிரகம் எரியுது, தளபதி வந்து பாக்கறாரு, பெத்த கொழந்தை செத்துக் கெடக்குது. தூக்கி வெச்சுட்டு, பழிவாங்குவேன், அண்டத்தையே அழிப்பேன்னு நீளமா ஒரு சபதம் பேசோணும். அதுதான் எழுதிக் குடுத்தது. அந்த சீன் வருதுன்னு இவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்கு வந்து, மூஞ்சிச் சாயத்தக் கழுவீட்டு, சோறு வேண்டாம்னு படுத்துட்டாரு. தலைவலியாக்கும்னு நெனச்சேன்.

நாயித்துக்கெழமை காலையில டிவில போட்டாங்க. லைன் ஊட்டுச் சனம் பூரா எங்கூட்டுக்குள்ள. இவரு முடி வெட்டிட்டு வர்றேன்னு நழுவிட்டாரு. சீன் வந்துச்சு. அவங்க வாங்குன பொம்மை, படுக்க வெச்சாக் கண்ண மூடும், நிமித்துனாக் கண்ணத் தொறக்கும், அந்த ரகம். இவரு தூக்கி மாரோட வெச்சு ஆட்டறாரு, அது டப்பு டப்புன்னு கண்ண மூடித் தொறக்குது. "அய்யோ, செத்த கொழந்தை கண்ணடிக்குதுடீ"ன்னு பக்கத்தூட்டுக்காரி தரையில உருண்டுட்டா. சபதத்தக் காணோம். பல்பு எரியற நெத்தியச் செவுத்துல முட்டீட்டு, எங்கூட்டுக்காரரு எங்கூர்ப் பேச்சுல, "அப்பன் இருக்கறேன் சாமி, அப்பன் இருக்கறேன்"னு விக்கி விக்கி அழுகறாரு. கொழந்தையச் சாமின்னு கொஞ்சறது எங்க பக்கத்துப் பேச்சு, வேற்றுக்கிரகத்துல ஏதுங்க சாமி? கூட்டம் கொல்லுன்னு சிரிக்குது. கரண்டு போறதுக்குள்ள முடிக்கோணும்னு டைரக்டரு அதையே வெச்சுட்டாராமா.

சனம் பாத்தது பொம்மை கண்ண. நான் பாத்தது இவரு கைய. இடது கைய மடிச்சு, உள்ளங்கையில தலையத் தாங்கி, சோத்துக் கையில துணிய இழுத்துக் காதோரம் மூடறாரு, காத்துப் புகாம. பெறகு நெத்தியில ஒருக்கா மோந்து பாக்கறாரு. இத எவனுஞ் சொல்லிக் குடுக்க முடியாது. இப்படித்தான் எம்பையனத் தூக்கியிருக்கறாரு, இப்படித்தான் மூடியிருக்கறாரு, இப்படித்தான் குண்டடம் வரைக்கும் மடியில வெச்சுட்டுப் போயிருக்கறாருன்னு எனக்குப் பட்டுப்போச்சு. வாயில சொல்ல மாட்டாத மனுசன் கையில சொல்லிப்போட்டாரு. அன்னைக்குத்தானுங்க எம்பையனுக்கு மொறையா ஒரு எழவு நடந்துச்சுன்னு மனசு சித்த ஆறுச்சு. கூடவே கோவமும் வந்துச்சு. எங்கிட்ட அழுகாம, கேமராக்காரங்கிட்டப் போயி அழுதுட்டு வந்திருக்கறாரேன்னு.

பொறவு கம்பெனியில அதுவே விளையாட்டாப் போச்சு. ஊசி ஒடைஞ்சா, "அப்பன் இருக்கறேன் சாமி." கரண்டு போனா, "அப்பன் இருக்கறேன் சாமி." டீக்காரன் லேட்டா வந்தா அவனுக்கும் அதேதான். இவரு தலையக் குனிஞ்சுட்டு கட்டிங் டேபிளைச் சுத்தி வருவாரு. சண்டைக்குப் போனவ நான்தான். ஒரு தடவை ஒருத்தனைக் கத்தரிக்கோலோட தொரத்தீட்டே போயிட்டேன், சூப்பர்வைசரு வந்து புடிச்சாரு. கொஞ்ச நாள்ல சனம் மறந்துச்சு. அப்பறம் ஆளுக்கொரு போன் வந்துச்சு, எல்லாம் மறுக்கா மொதல்ல இருந்து.

ஆனா போன்ல ஒரு வசதி. எனக்கு வேணுங்கறப்பப் பாத்துக்கலாம். சத்தத்த நிறுத்திப்போட்டு, பொம்மை மூஞ்சிய கட்ட வெரல்ல மறைச்சுட்டு, இவரு கைய மட்டும் பாப்பேன். சாப்பாட்டு நேரத்துல மெசினுக்குப் பின்னால போயி உக்காந்து பாப்பேன். எங்கிட்ட எம்பையன் போட்டோ ஒண்ணு கெடையாது, ஒரு துணி கெடையாது, பொதைச்ச எடத்தக் கூட எவருங் காட்டல. இருக்கறது இதுதான். இதையும் கேவலம்னு வரிசையில போட்டுக் கடைசியில நிறுத்தறான் அவன்.

இந்த ஆயுதபூஜைக்கு எங்க கம்பெனியில மெசினெல்லாம் தொடச்சு, சந்தனம் வெச்சு, வாழை கட்டி, மைக் செட்டுப் போட்டு ஒரே அமக்களம். பூசை முடிஞ்சு பொரியும் சுவீட் பாக்ஸும் குடுத்துட்டு இருக்கறப்ப, மொதலாளி பையன் மைக்கப் புடிச்சாரு. அந்தக் கண்ணாடிக்காரன் வீடியோ அவருக்கும் வந்திருக்குதாட்ட. "நம்ம கம்பெனி ஹீரோ நம்ம கட்டிங் மாஸ்டர்தான். அந்த சீனை இப்ப லைவ்வா பண்ணுவாரு, கைதட்டுங்க"ன்னாரு. இவரை மேடையில ஏத்தி, வேஸ்ட்டுத் துணிய மூட்டையாக் கட்டிக் கையில குடுத்தாங்க. சனம் பூராப் போனைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்குது.

வேண்டாமுங்கன்னு எறங்கி வந்துருவாருன்னு பாத்தேன். வரலைங்க. மூட்டையத் தலைகீழாப் புடிச்சாரு. ஒரு ஆட்டு ஆட்டுனாரு. மோந்து பாத்துட்டு, நாறுதுங்கற மாதிரி மூக்கப் பொத்துனாரு. "அப்பன் இருக்கறேன் சாமி"ன்னு இழுத்துக் கத்தி, கைய உட்டு மூட்டையக் கீழ போட்டு, "அய்யோ, உழுந்துட்டியா சாமி"ன்னு கும்புட்டாரு. கூரை பிஞ்சு போற மாதிரி சிரிப்பு. மொதலாளி பையன் கட்டிப் புடிச்சு ஒரு ஹாட் பாக்ஸு பரிசு குடுத்தாரு. இவரும் பல்லக் காட்டீட்டு வாங்கிக்கிட்டாரு.

வண்டி நிறுத்தற செட்டுக்குப் போயி நின்னேன். ஹாட் பாக்ஸக் கக்கத்துல வெச்சுட்டு வந்தாரு. வந்தவர வர உடல நானு.

"பெத்த புள்ளையப் பொதைக்கக் கொண்டு போன கையிங்க அது. அதே கையில கந்த மூட்டையப் புடிச்சு ஆட்டி, கீழ போட்டு, ஊரைச் சிரிக்க வெச்சுட்டு வர்றீங்களே, நீங்களெல்லாம் ஒரு மனுசனா? உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்குது?"

வண்டிச் சீட்டு மேல ஹாட் பாக்ஸ வெச்சாரு. சாவிய எடுத்தாரு, போடல.

"நான் கொண்டு போகல புள்ள"ன்னாரு.

"என்னங்க?"

"எங்கய்யன்தான் கொண்டு போனாரு. கார்ல ஏறறப்ப, துணிய வெலக்கட்டுமா, ஒருக்காப் பாத்துக்கறயாடான்னு கேட்டாரு. வேண்டாங்கய்யான்னு மூஞ்சிய அக்கட்டாலத் திருப்பிட்டேன். எனக்குத் தைரியம் பத்தல. கார் போயிருச்சு. நான் ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டேண்டுலயே உக்காந்துட்டேன். உங்கிட்ட யாரோ நானும் போனன்னு சொல்லிப்போட்டாங்க. நீ வந்து, யாராட்ட இருந்தான், யாராட்ட இருந்தான்னு கேக்கறப்பெல்லாம் நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அப்ப அந்த டிவில? அந்தக் கைய மடிச்சு, துணிய இழுத்து மூடுனீங்களே?"

"பொம்மையக் கையில குடுத்தாங்க. கனமே இல்ல. இவ்ளோதானே இருந்திருப்பான், தூக்கியிருக்கலாமேன்னு அப்பத்தான் தோணுச்சு. தூக்கியிருந்தா இப்படித்தான்..." சாவிய இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்துனாரு. "அத நெனச்சுட்டு மறுக்கா அந்த மேடையில நிக்க முடியுமா என்னால? அதான் கோமாளித்தனம் பண்ணிப்போட்டு எறங்கிட்டேன்."

நான் அடிச்சேனுங்க. நெஞ்சு மேலயே ரெண்டு கையிலயும் அடிச்சேன். வாங்கீட்டு நின்னாரு. அவங்கய்யன், எங்க மாமனாரு, போயிச் சேந்து பல வருசமாச்சு. எங்கூட்டுல எம்பையன் மூஞ்சியப் பாத்த ஒரே ஆளு அந்தப் பெரிய மனுசன்தான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. அவரு இருந்தப்ப எத்தனை தடவை குண்டடம் போயிருக்கறேன், சோறு போட்டிருக்கறேன், மாத்தரை எடுத்துக் குடுத்திருக்கறேன், ஒருக்காக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரே. கேக்க ஆளு ஊட்டுலயே இருக்கறாருன்னு நெனச்சு இவரையே சுத்திச் சுத்தி வந்துட்டேன். இத்தனை வருசமா மெசினுக்குப் பின்னால உக்காந்து நான் பாத்துட்டு இருந்தது, எம்பையனத் தூக்குன கைய இல்லைங்க. அப்பனும் தூக்கல, ஆத்தாளும் தூக்கல. தூக்குனது ஒரு ரப்பர் பொம்மையத்தான்.

சனம் ஒவ்வொருத்தரா வண்டி எடுக்க வந்துட்டு இருந்தாங்க. இவரு மூஞ்சியத் தொடச்சுட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. பின்னால ஏறி உக்காந்தேன். வேற எப்படிங்க நான் ஊட்டுக்குப் போறது?